அவன் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

டாஸ்மாக்கில் விற்கும் குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டால் அதற்குள் இருக்கும் எத்தனால் ஏறக்குறைய 60 கிராம். வளர்ந்த ஆளின் உடலே மணிக்கு ஏழெட்டு கிராமைத்தான் எரித்து முடிக்கும். இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்த பையன், காலை ஐந்தரைக்கு டியூஷனுக்கு வண்டி எடுக்கும்போதும் ரத்தத்தில் மிச்சச் சாராயத்தோடுதான் கிளம்புகிறான். பல் துலக்கியிருப்பான், விபூதி பூசியிருப்பான், வாயில் மிட்டாய் இருக்கும். தள்ளாட மாட்டான்.

தள்ளாடாததுதான் இந்த வயதில் பெற்றோரை ஏமாற்றுகிறது.

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. ஆனாலும் பதினொன்றாம் வகுப்புப் பையனுக்குப் பாட்டில் கிடைத்துவிடுகிறது. தெரிந்த அண்ணன் ஒருவர் வாங்கித் தருவார். கடை மூடிய நேரத்தில் பிளாக்கில் விற்பவர் வயதைக் கேட்பதில்லை. எய்ம்ஸ் நடத்தி, 2019-இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட தேசிய ஆய்வு, 10 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 1.3 சதவீதம் பேர் மது அருந்துவதாகச் சொன்னது. வீட்டு வாசலில் நின்று கணக்கெடுப்பவரிடம், அம்மா காதில் விழும்படி “ஆமாம், குடிக்கிறேன்” என்று எத்தனை பையன்கள் சொல்வார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். அதே அறிக்கையில் இதைவிடக் கவலை தரும் எண் ஒன்று உண்டு. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைத் தொட்டிருக்கிறார்.

மீதி 37 வீடுகளில் பல காரணங்கள் இருக்கும்: பணம், தூரம், அக்கம்பக்கத்துப் பேச்சு. கூடவே ஒரு நம்பிக்கையும் இருக்கும். “அவனுக்கா தோணணும்.” “பட்டாத்தான் புத்தி வரும்.” நாற்பது வயதுக்காரரைப் பற்றியே இது பாதிதான் உண்மை. பதினாறு வயது மூளையைப் பொறுத்தவரை இது தலைகீழ்.

சோதனைக்காகப் பிள்ளைகளுக்கு மது ஊற்றிக் கொடுக்க இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அதனால் இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த அறிவில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஸ்பியரும், டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்வார்ட்ஸ்வெல்டரின் குழுவும் 1990-களில் வளரிளம் எலிகளுக்கும் வளர்ந்த எலிகளுக்கும் எத்தனால் கொடுத்து ஒப்பிட்டார்கள். மயக்கத்திலும் தடுமாற்றத்திலும் குட்டிகள் தாங்கின. பெரிய எலிகள் கவிழ்ந்த அளவிலும் இவை எழுந்து நடமாடின. நினைவாற்றலில் நேர்மாறு. தொட்டித் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று கற்றுக்கொள்ளும் சோதனையில், அதே மது இளம் எலிகளைத்தான் அதிகம் கெடுத்தது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி அந்த வயதில் மதுவுக்குக் கூடுதலாக அடிபடுகிறது. உறக்கத்தையும் தள்ளாட்டத்தையும் வரவழைக்கும் சுற்றுகளோ அப்போதைக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை.

இதை நம் பையன்களின் வட்டத்தில் வைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்குத் தலை சுற்றி, கண் சொருகி, ‘போதும்’ என்று உடலே சொல்லிவிடும் இடத்தில் இவனுக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. “மச்சான் செம ஸ்டெடிடா” என்று கூட்டாளிகள் தட்டிக் கொடுக்கிறார்கள். கட்டிங்கில் ஆரம்பித்தவன் சீக்கிரமே முழு குவார்ட்டருக்கு வந்துவிடுகிறான். உள்ளே நினைவுப் பதிவு மட்டும் அறுந்துபோகிறது. நடக்கிறான், பேசுகிறான், வண்டிகூட ஓட்டுகிறான். மறுநாள் எதுவும் ஞாபகமில்லை. “நேத்து உங்க அப்பாவை என்ன பேச்சுப் பேசினே தெரியுமா?” என்று அம்மா கேட்க, “சத்தியமா ஞாபகம் இல்லம்மா” என்கிறான். அம்மா அதைப் பொய் என்று எடுத்துக்கொள்கிறாள். அநேகமாக அவன் சொல்வது உண்மைதான், அந்த உண்மை பொய்யைவிட மோசமான செய்தி. நினைவு அறுந்த இரவு ஒன்று வந்துவிட்டதென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரமும் வந்துவிட்டது.

இன்னொன்று காலக்கணக்கு. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர் ஒரே பிள்ளைகளை ஆண்டுகள் இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுத்து, 1999-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூளை ஐந்தாறு வயதிலேயே முடிந்துபோகும் கட்டடம் என்ற பழைய எண்ணம் அதோடு போயிற்று. பின்விளைவை எடைபோடும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை சீர்பட்டுக்கொண்டே இருக்கிறது. இன்பத்தைத் தேடும் சுற்றுகளோ பூப்பு வயதிலேயே துடிப்பாக இருக்கின்றன. ‘தானே உணர்ந்து திருந்துவான்’ என்று நாம் காத்திருப்பது, அந்த உணர்வுக்குப் பொறுப்பான பகுதி வேலைக்கு முழுதாக வந்துசேராத வயதில்.

காத்திருப்புக்கு விலையும் உண்டு. அமெரிக்காவில் பிரிட்ஜெட் கிராண்ட், டெபோரா டாசன் இருவரும் தேசிய அளவிலான கணக்கெடுப்பை அலசி 1997-இல் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்வின் ஏதோவொரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையானார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் இது 10 சதவீதம்தான். சீக்கிரம் தொடங்கியதுதான் முழுக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. குடும்பத்தில் ஏற்கெனவே குடி இருப்பது, மரபணு, சண்டை நிறைந்த வீடு ஆகியவையும் சீக்கிரம் தொடங்குவதோடு சேர்ந்தே வருபவை. ஆனால் ‘இந்த வயசுல எல்லாரும் அப்படித்தான், நாங்க குடிக்காததா’ என்று சொல்லும் அப்பாக்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.

எது வயதுக் கோளாறு, எது சிக்கல்? பாஸ்டன் சிறார் மருத்துவமனையில் ஜான் நைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் பதின்ம வயதினருக்கென்றே ஆறு கேள்விகளை உருவாக்கினார்கள். குடித்த ஒருவர் ஓட்டிய வண்டியில் போயிருக்கிறாயா, அல்லது நீயே ஓட்டியிருக்கிறாயா? மனசு லேசாகவோ கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளவோ குடிக்கிறாயா? தனியாகக் குடித்ததுண்டா? குடித்தபோது செய்தது மறந்துபோனதுண்டா? வீட்டாரோ நண்பரோ குறைத்துக்கொள் என்று சொன்னதுண்டா? குடியால் ஏதாவது வம்பில் மாட்டியதுண்டா? இரண்டுக்கு ‘ஆம்’ வந்தாலே விரிவாக விசாரிக்க வேண்டும். இவற்றை அம்மா அப்பா கேட்பதைவிட மருத்துவர் தனியறையில் கேட்டால்தான் பதில் வரும். மகளாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு மது ரத்தத்தில் அதிகமாக ஏறும். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மூடிவைப்பதால் உதவியோ தாமதமாக வரும்.

தெரியவந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது அடி. அடுத்து சத்தியம். கோயிலில் கயிறு கட்டி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்குவதை நான் இகழ மாட்டேன். மாலை போட்ட நாட்களில் பாட்டிலைத் தொடாத பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம், நம்பிக்கைக்கு அந்தப் பிடி உண்டு. கயிற்றை அவிழ்த்த மறுநாளுக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் கேள்வி.

மூன்றாவதாக வரும் வழிதான் ஆபத்தானது: சோற்றிலோ குழம்பிலோ தெரியாமல் கலந்து கொடுக்கும் ‘குடியை மறக்கடிக்கும் மருந்து’. லேபிள் இல்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் மாத்திரையாக இருந்தால் அதன் வேலை தெரிந்ததுதான். 1940-களில் டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்ற இருவர், குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று பார்க்க அதைத் தாங்களே விழுங்கினார்கள். பிறகு மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துத் தவித்தார்கள். எத்தனால் உடைந்து உருவாகும் அசிட்டால்டிஹைடை மேற்கொண்டு உடையவிடாமல் இந்த மருந்து தடுத்துவிடுகிறது. அந்த நச்சு உடலில் தேங்குகிறது. விவரம் தெரிந்து, ஒப்புக்கொண்டு, கண்காணிப்பில் சாப்பிடும் பெரியவருக்கு அந்தப் பயமே காவல். விவரம் தெரியாத பையன் இதற்கு மேல் ஒரு குவார்ட்டரை ஊற்றினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பிழைத்து உண்மை தெரிந்தாலும், அம்மா கையால் சாப்பிடுவதை நிறுத்திவிடுவான்.

சரி, என்னதான் செய்வது? அவன்தான் “எனக்கு ஒண்ணும் இல்ல, நான் எங்கேயும் வரமாட்டேன்” என்கிறானே.

அவன் வர வேண்டாம். நீங்கள் போங்கள். இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்த சிகிச்சை முறை இது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேயர்ஸ் வடிவமைத்த ‘கிராஃப்ட்’ முறையில், குடிப்பவருக்குப் பதில் குடும்பத்தாருக்குப் பயிற்சி தருகிறார்கள். 1999-இல் வெளியான ஒப்பீட்டில், சிகிச்சைக்கு வர மறுத்தவர்களில் 64 சதவீதம் பேர் இந்த வழியில் உள்ளே வந்தார்கள். சொந்தபந்தம் எல்லோரும் சேர்ந்து உட்காரவைத்து நேருக்கு நேர் பேசும் முறையில் வந்தவர்கள் 30 சதவீதம். அல்-அனான் வழியில் 13 சதவீதம். அது குடும்பத்தார் தங்களைத் தேற்றிக்கொள்ளும் கூட்டம், ஆளைக் கூட்டிவருவது அதன் நோக்கமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணவன் மனைவியரைவிடப் பெற்றோர் முயன்றபோது பலன் கூடுதலாகக் கிடைத்தது என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது. சராசரியாக நான்கு முதல் ஆறு அமர்வுகளில் காரியம் கைகூடியது.

அந்தப் பயிற்சியில் மந்திரம் எதுவும் கிடையாது. போதையில் வந்து நிற்கும் இரவில் விசாரணை வேண்டாம். பத்திரமாகப் படுக்கவைத்தால் போதும். வாந்தி எடுத்த இடத்தை மறுநாள் அவனே கழுவட்டும். பள்ளிக்கு ‘காய்ச்சல்’ என்று லீவ் லெட்டர் எழுதித் தராதீர்கள். வண்டிச் சாவி மட்டும் விதிவிலக்கு, அதில் ‘பட்டுத் திருந்தட்டும்’ என்ற பேச்சே கூடாது. குடிக்கிறவரை சாவி உங்களிடம். குடிக்காமல் வீட்டிலிருந்த நாளை நாம் கண்டுகொள்வதே இல்லையே, அதைத்தான் மாற்றச் சொல்கிறார்கள். பிரியாணியோ மேட்ச்சுக்குப் போகக் காசோ அந்த நாளில் கொடுக்கலாம். பேச்சும் அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல் முன்னால் நிற்கும் அம்மா இப்படிச் சொல்லலாம்:

“நேத்து நீ வீட்ல இருந்து எங்ககூட சாப்பிட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அந்த வாசனையோட வர்ற அன்னைக்கு எனக்குப் பயத்துல தூக்கமே வர்றதில்லப்பா. ஒரு நாள் டாக்டர்கிட்ட ஒண்ணாப் போயிட்டு வருவோமா? உனக்குப் பிடிக்கலன்னா பாதியில எழுந்து வந்துடலாம்.”

இதில் ‘நீ குடிகாரன்’ என்பது இல்லை. மாமா மகனோடு ஒப்பீடு இல்லை. முதல் தடவை “ம்ப்ச்” என்று போய்விடுவான். கேள்வி மட்டும் அவன் மனதில் உட்கார்ந்திருக்கும். வம்பில் மாட்டிய மறுநாளோ, மேட்ச்சில் மூச்சு வாங்கிய அன்றோ திரும்பக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

மருத்துவர் அறையில் நடப்பதும் பல பெற்றோர் எதிர்பார்ப்பது போல் இருக்காது. ‘நல்லா நாலு வார்த்தை சொல்லுங்க டாக்டர்’ என்று கேட்டால் அவர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்வார். பிறகு பேச்சு கிட்டத்தட்ட இந்தப் போக்கில் போகும்.

“தம்பி, குடிச்சா உனக்கு என்ன நல்லா இருக்கு?”

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். “ஃப்ரெண்ட்ஸோட ஜாலியா இருக்கும் சார். பேச்சு வரும்.”

“மத்த நேரத்துல வராதா?”

“கொஞ்சம் கூச்சம்.”

“சரி. பிடிக்காதது ஏதாவது?”

“மறுநாள் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அம்மா அழுவாங்க.”

கூச்சம் என்று அவன் சொன்னதை மருத்துவர் குறித்துக்கொள்வார். மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைபாடு போன்றவை பதின்ம வயதுக் குடிக்குப் பின்னால் ஒளிந்திருப்பது சகஜம். அதற்குச் சிகிச்சை தராமல் பாட்டிலை மட்டும் பிடுங்கினால் நிற்காது. அறிவுரை சொல்லாமல், மாற வேண்டிய காரணத்தை அவன் வாயாலேயே வரவழைக்கும் இந்த உரையாடல் முறை வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. நார்வேயில் இளம் உளவியலாளர்களோடு இருந்தபோது, ‘நீங்கள் ஏன் அப்படிக் கேட்டீர்கள்?’ என்று அவர்கள் துளைத்ததில் அவருக்கே தன் முறை பிடிபட்டதாம்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2025-இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் தொடங்கப்பட்டன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறைக்கே முன்னோடி. வீட்டைவிட்டு வெளியே போகத் தயக்கமென்றால் டெலி-மானஸ் 14416-ஐ அழைக்கலாம். இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், பெற்றோரும் பேசலாம். போதை மீட்புக்கான தேசிய எண் 14446. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்தே பலர் போவதில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தண்டிப்பது பிள்ளைக்கு மது கொடுத்தவரை. ஏழு ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம்வரை அபராதமும் அவருக்குத்தான்.

இரவில் வேன் அனுப்பி, நான்கு பேர் வந்து கையைக் காலைக் கட்டித் தூக்கிப்போகும் ‘மறுவாழ்வு மைய’ங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. களைத்துப்போன பெற்றோருக்கு அது விடுதலையாகத் தோன்றுவது புரிகிறது. ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவரை விதிவிலக்கான நிலையில்தான் உள்நோயாளியாகச் சேர்க்கலாம். பெரியவர்களோடு ஒரே அறையில் வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் சார்பில் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். ‘மூன்று மாதம் யாரும் பார்க்க வரக் கூடாது’ என்று சொல்லும் இடத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்ப்பது சட்டத்துக்கே புறம்பு. நாற்பது வயதுக் குடிநோயாளிகள் நடுவே பதினேழு வயதுப் பையனைப் பூட்டிவைத்தால் அவன் கற்றுக்கொண்டு வருவது என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

உடனடி ஆபத்து இரண்டு. தினமும் குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்துவது ஒன்று. தினமும் மது அழுத்திவைப்பதால் மூளை தன் கிளர்ச்சிச் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டு ஈடுகட்டுகிறது. கதவை இருபுறமும் தள்ளிக்கொண்டிருக்கையில் ஒருவர் சட்டென்று விலகினால் மற்றவர் குப்புற விழுவதுபோல, மது நின்றதும் கிளர்ச்சி மட்டும் தனியே பாய்கிறது: கை நடுக்கம், வியர்வை, இரண்டு நாளுக்குள் வலிப்பு. இந்த வயதில் இது அரிது. காலையில் கை நடுங்குகிறது, கொஞ்சம் குடித்தால் அடங்குகிறது என்றால் மட்டும் வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மற்றது அளவு மீறிய இரவு. எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம், மூச்சு பத்து விநாடிக்கு மேல் இடைவெளி விடுகிறது என்றால் 108. அதுவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதுவும் ஊற்ற வேண்டாம். நினைவில்லாதவன் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குத்தான் போகும். தலையில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். மது ஏற்கெனவே உடற்சூட்டை இறக்கியிருக்கும். ‘தூங்கினா தெளிஞ்சுடும்’ என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். கடைசியாகக் குடித்தது குடலிலிருந்து இன்னும் ரத்தத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்கு ஒரு விஷயம். மருத்துவர் உங்கள் குடியைப் பற்றியும் கேட்பார். அலமாரியில் பாட்டிலை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் மகன் எதிரிலேயே ஊற்றிக்கொண்டு, அவனை மட்டும் சிகிச்சைக்கு அனுப்ப முடியாது. சிகிச்சை நடக்கும் மாதங்களிலாவது வீட்டுக்குள் பாட்டில் இருக்கக் கூடாது என்பார். இது ஒழுக்கத்துக்காகச் சொல்வது அல்ல. பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தமும் அந்த வாடையுமே பழகிய மூளையில் ஏக்கத்தைக் கிளப்பிவிடும்.

நான்கு வாரம் நன்றாக இருந்துவிட்டு நண்பனின் பிறந்தநாளில் மறுபடி குடித்துவிட்டு வருவான். பல பிள்ளைகளிடம் இது நடக்கும். சிகிச்சை தோற்றதாக எடுத்துக்கொண்டு வேறு மருத்துவமனை, வேறு சாமியார் என்று அலைய வேண்டாம். அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே அதே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். யாரோடு இருந்தான், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது என்று அவர் கேட்பார். அவருக்கு இது தகவல். அடுத்த பிறந்தநாளுக்கு முன்பே அவனோடு உட்கார்ந்து, எப்போது கிளம்பிவிடுவது, யாருக்கு போன் போடுவது, கிளாஸை நீட்டினால் என்ன சொல்வது என்று பேசி முடிவுசெய்ய அது வேண்டும். அந்த போன் உங்களுக்கு வந்தால் கேள்வி கேட்காமல் போய் அழைத்துவாருங்கள்.